வாட்ஃபர்டு கவுன்சிலின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

இங்கிலாந்தில் நீங்கள் குடியிருக்கும் டிஸ்ட்ரிக்டின் கவுன்சில் தேர்தல் வரலாற்றை, வார்டு வார்டாக, வேட்பாளர் வேட்பாளராக, ஒரே கோப்பில் கொண்டுவர நினைக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்காக. நான் ஹார்ட்ஃபர்ட்ஷரில் வாட்ஃபர்டு நகரத்தில், கால்லோலேண்ட் வார்டில் இருக்கிறேன். கணக்கு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் போல் கிளார்க்காக உட்கார்ந்து, வரிசையில் வருபவர்களின் பெயரைப் பட்டியலில் கோடு போட்டு அடித்த அனுபவம் உண்டு. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் எத்தனை வருடக் கதை இருக்கிறது என்ற கேள்வியில்தான் என் தொகுப்பு தொடங்கியது. வாட்ஃபர்டை வைத்தே சொல்கிறேன். முறை எந்த டிஸ்ட்ரிக்டுக்கும் பொருந்தும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி ஒன்று, அதற்குள் டிஸ்ட்ரிக்டுகள் பல என்ற இரண்டடுக்கு அமைப்பையே நீக்கி, ஒரே அடுக்கு கவுன்சில்களை அமைக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. கும்ப்ரியா, வட யார்க்ஷர், சமர்செட் ஆகிய இடங்களில் இருந்த டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கள் 2023-இலேயே போய்விட்டன. நார்த்தாம்ப்டன்ஷரில் 2021-இல் போயின. கவுன்சில் கலைந்தால் அதன் இணையதளமும் கொஞ்ச நாளில் மூடப்படும். பழைய முடிவுகள் இருந்த பக்கங்கள் புதிய கவுன்சிலின் தளத்துக்கு வந்து சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆகவே முதல் நாள் வேலை இது: உங்கள் கவுன்சில் தளத்தில் தேர்தல் முடிவு என்று இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கணினியில் சேமியுங்கள். அதே பக்கங்களை, பழைய இணையப் பக்கங்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பதியச் செய்யுங்கள். ஆராய்ச்சியைப் பிறகு தொடங்கலாம்.

முதலில் நாட்காட்டி

பலரும் நேரே முடிவுகளைத் தேடிப் போகிறார்கள். எந்தெந்த வருடம் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் தேடினால், கிடைக்காத வருடம் தொலைந்துபோன வருடமா, தேர்தலே இல்லாத வருடமா என்று சொல்ல முடியாது. ஒரு தாளில் 1973 முதல் இன்று வரை வருடங்களை வரிசையாக எழுதுங்கள்.

ஏன் 1973? இப்போதுள்ள டிஸ்ட்ரிக்டுகளை உண்டாக்கியது 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். அவை அதிகாரத்துக்கு வந்தது 1974 ஏப்ரல் 1. ஆனால் உறுப்பினர்களை முந்தின வருடமே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கவுண்டிகளுக்கு 1973 ஏப்ரல் 12, பெருநகர டிஸ்ட்ரிக்டுகளுக்கு மே 10, மற்ற டிஸ்ட்ரிக்டுகளுக்கு ஜூன் 7. அந்தப் புதிய கவுன்சில்கள் கிட்டத்தட்ட ஒரு வருடம் பழைய கவுன்சில்களோடு கூடவே இருந்து, பொறுப்பை ஏற்கத் தயாராயின. அதனால் 1973-ஆம் வருடத்துச் செய்தித்தாளில் ஒரே ஊருக்கு இரண்டு கவுன்சில் செய்திகள் வந்தால் குழம்பாதீர்கள்.

பெருநகரம் அல்லாத டிஸ்ட்ரிக்டுகளுக்கு அடுத்த முழுத் தேர்தல் 1976-இல். அதன் பிறகு அவை இரண்டு வழியாகப் பிரிந்தன. சில, 1979-இல் தொடங்கி நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்தக் கவுன்சிலையும் தேர்ந்தெடுத்தன. 1983, 1987, 1991 என்று போய் 2019, 2023 வரை அந்தக் கணக்கு வரும். வாட்ஃபர்டு போன்றவை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை மூன்று வருடம் தொடர்ந்து தேர்ந்தெடுத்து, நான்காவது வருடத்தைக் கவுண்டித் தேர்தலுக்கு விட்டன. கவுண்டி வருடங்கள் 1977, 1981, 1985 என்று நான்கு நான்காகக் கூடி 2017, 2021, 2025 என்று வருகின்றன. அந்த வருடங்களில் வாட்ஃபர்டு பரோவுக்கு (பரோ என்பது சில டிஸ்ட்ரிக்டுகளுக்கு உள்ள பட்டம்) வழக்கமான தேர்தல் இருக்காது, 2021 ஒன்றைத் தவிர. ஆக்ஸ்ஃபர்டு, செல்ட்னம், ஹேஸ்டிங்ஸ் போன்ற சில இடங்களில் பாதிப் பாதியாகத் தேர்தல். உங்கள் டிஸ்ட்ரிக்ட் இடையில் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கவும் கூடும். அந்த மாற்றத்தைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பைத் தேடி எடுங்கள்.

நாட்காட்டியில் விலகி நிற்கும் வருடங்களைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். 2001-இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் மே மாதக் கவுண்டித் தேர்தல் ஜூன் 7-க்குத் தள்ளிப்போய், பொதுத்தேர்தலோடு சேர்ந்து நடந்தது. 2004-இல் ஜூன் 10, 2009-இல் ஜூன் 4, 2014-இல் மே 22 ஆகிய நாட்களில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடத்தினார்கள். 2020 மே மாதத் தேர்தல் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021 மே 6-இல் நடந்தது. வாட்ஃபர்டு வாக்காளர் கையில் அன்று பரோ, கவுண்டி, காவல் ஆணையர் என்று வெவ்வேறு வாக்குச்சீட்டுகள் இருந்தன. டிஸ்ட்ரிக்ட் தேர்தல் பொதுத்தேர்தல் நாளிலேயே விழுந்த வருடங்கள் 1979, 2010, 2015. அந்த வருடங்களில் வாக்குப்பதிவு எகிறும். முன்பின் வருடங்களோடு அவற்றை ஒப்பிட்டு, மக்களுக்கு உள்ளூர் விஷயத்தில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு எல்லைக்கோடு

முழு வேலையிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். வாட்ஃபர்டில் 12 வார்டுகள். கால்லோலேண்ட், சென்ட்ரல், ஹோலிவெல், லெகட்ஸ், மெரிடன், நாஸ்கட், ஆக்ஸி, பார்க், ஸ்டான்பரோ, டியூடர், விகரேஜ், வுட்சைடு. வார்டுக்கு மூன்று பேர் வீதம் 36 கவுன்சிலர்கள். 2016-இல் எல்லைகளை மாற்றி வரைந்து, 36 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைத்தார்கள். வார்டுப் பெயர்கள் மட்டும் அப்படியே தொடர்ந்தன. 2015 முடிவையும் 2016 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, அதே பெயர், அதே ஊர், ஆனால் வாக்கு மாறியிருக்கிறதே என்று தோன்றும். மாறியது மக்கள் மனமா, எந்தத் தெரு எந்த வார்டில் என்ற கோடா? கோட்டைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

ஆகையால் வார்டுப் பெயரோடு ஒரு எல்லை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். என் கோப்பில் 2016-க்கு முந்தைய விகரேஜ் ஒரு வரிசை எண்ணோடும் பிந்தைய விகரேஜ் வேறு எண்ணோடும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடக் கோட்டில் இணைப்பதில்லை.

எல்லை எப்போது மாறியது என்று எப்படி அறிவது? எல்லை மாற்றம் எல்லாம் சட்ட ஆணையாக வெளிவரும். ஆணையில் வார்டுகளின் பெயரும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை உறுப்பினர் என்பதும் இருக்கும், வரைபடம் தனியாக இருக்கும். அண்மைக்கால ஆணைகள் அரசின் சட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆணைக்கு முன்னால் நடந்த ஆய்வு அறிக்கை அதைவிடச் சுவையானது. எந்தச் சங்கம் எதை எதிர்த்தது, ரயில் பாதையை எல்லையாக வைக்கலாமா, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தெருக்களைப் பிரிக்கலாமா என்பது எல்லாம் அதில் வரும். ஆய்வு நடத்திய அமைப்பின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியதால் தேடுபவர்கள் தடுமாறுகிறார்கள். 1972 சட்டம் உண்டாக்கிய எல்லை ஆணையம் முதலில். 1992-இல் அதன் இடத்தில் இங்கிலாந்து உள்ளாட்சி ஆணையம் வந்தது. 2002-இலிருந்து தேர்தல் ஆணையத்தின் கீழ் ஒரு எல்லைக் குழு அந்த வேலையைப் பார்த்தது. 2010 ஏப்ரலிலிருந்து இன்றைய உள்ளாட்சி எல்லை ஆணையம். நான்கு அமைப்புகளின் பெயரிலும் தேடுங்கள். இப்போதைய எல்லைக்கோடுகளை அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே இலவசத் தரவாகவே கொடுக்கிறது. 1974-க்கு முந்தைய எல்லைகளுக்குப் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் உருவாக்கிய பழைய பிரிட்டன் வரைபடத் தளம் கைகொடுக்கும்.

முடிவுகளை எங்கே எடுப்பது

ஒரு தேர்தலுக்கு நான்கு காகிதங்கள் உண்டு: தேர்தல் அறிவிப்பு, வேட்பாளர் பட்டியல், வாக்குப்பதிவு அறிவிப்பு, முடிவு அறிவிப்பு. நமக்கு வேண்டியவை இரண்டாவதும் நான்காவதும். பழைய வாக்குச்சீட்டுகளைப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். ஓராண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள். வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையையும் தேட வேண்டாம். முடிவு அறிவிக்கப்படுவது வார்டு அளவில்தான். எங்கள் தெரு எப்போதும் இந்தக் கட்சிக்குத்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கோப்பில் ஏற்றாதீர்கள்.

முதல் தேடல் கவுன்சிலின் தேர்தல் பிரிவில். தளத்தில் இல்லாத வருடங்களுக்கு நேரே மின்னஞ்சல் எழுதுங்கள். பணிவாகவும் குறிப்பாகவும் கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். இன்னின்ன வருடம், இன்னின்ன வார்டு, முடிவு அறிவிப்பின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். உங்களிடம் இருப்பதை எல்லாம் அனுப்புங்கள் என்று எழுதினால் எந்த அலுவலரும் மலைத்துப் போவார். அதிலும் பலன் இல்லை என்றால் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே தொகுத்தவர்களின் உழைப்பு. காலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் என்ற இரு பேராசிரியர்கள் பிளிமத்தில் இருந்தபடி 1973 முதல் பிரிட்டனின் உள்ளாட்சி முடிவுகளை வார்டு வாரியாகத் திரட்டியிருக்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இணையத்தில் கிடைக்கிறது. ஆண்ட்ரூ டீல் என்பவர் நடத்தும் உள்ளாட்சித் தேர்தல் காப்பகமும் இருக்கிறது. அண்மை வருட வேட்பாளர் பட்டியலுக்கு டெமாக்ரசி கிளப் என்ற தன்னார்வ அமைப்பின் தரவு நல்லது. இவர்கள் செய்ததை அப்படியே நகலெடுத்தால் உங்கள் தொகுப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். அவர்களுடையது நாடு முழுவதற்குமான சட்டகம். ஒரு வார்டில் அந்த வருடம் ஏன் இரண்டு இடங்களுக்குத் தேர்தல், ஒருவர் ஏன் கட்சி மாறினார், இடைத்தேர்தல் எதனால் வந்தது என்பதை ஊரில் இருப்பவர்தான் நிரப்ப வேண்டும்.

அதை நிரப்புவது செய்தித்தாள். எங்கள் ஊருக்கு வாட்ஃபர்டு அப்சர்வர், 1863-இலிருந்து வரும் வாரப் பத்திரிகை. மைக்ரோஃபிலிம் சுருளில் பார்ப்பது கண்ணுக்குச் சோர்வு தரும். ஆனால் தேர்தல் வாரத்துக்கு முந்தைய மூன்று இதழ்களையும் பிந்தைய இரண்டையும் முழுசாகப் புரட்டுங்கள். வேட்பாளர் அறிமுகம் முன்னால் வரும், முடிவுப் பட்டியல் பின்னால் வரும், எண்ணைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு அதற்கடுத்த வாரம் ஒரு மூலையில் வரும். அந்தச் சிறு குறிப்பைத் தவறவிடக் கூடாது. பத்திரிகையில் 1 என்பது 7 ஆகவும் 3 என்பது 8 ஆகவும் அச்சாவது சாதாரணம். முடிவு அறிவிப்போடு ஒத்துப்பார்க்காத எந்த எண்ணையும் நான் உறுதி என்று குறிப்பதில்லை, பத்திரிகை வழி என்று குறிக்கிறேன்.

கவுன்சில் கூட்டக் குறிப்பேடுகள் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். மே மாத வருடாந்திரக் கூட்டத்தின் குறிப்பில், யார் எந்தக் கட்சிக் குழுவில், தலைவர் யார், எந்தக் குழுவுக்கு எத்தனை பேர் என்பது பதிவாகும். ஒரு கவுன்சிலர் ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால், கவுன்சில் அனுமதி தந்திருந்தாலன்றி, பதவி போய்விடும். அப்படிக் காலியான இடங்களின் காரணம் குறிப்பேட்டில்தான் தெரியவரும். பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்குள் ஓர் இடம் காலியானால் இடைத்தேர்தல் வைக்காமல் மே வரை காலியாகவே விட்டுவிடுவார்கள். இடைத்தேர்தல் இல்லையே என்று வீணாகத் தேடாமலிருக்க இது உதவும்.

வீட்டுப் பரணில் இருக்கும் பழைய துண்டுப்பிரசுரங்களைக் கேட்டு வாங்குங்கள். நான் பல முதியவர்களிடம் கேட்டிருக்கிறேன், கொடுக்கும்போதே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். பிரசுரத்தில் வருடம் இருக்காது, வாக்குப்பதிவு நாள் வியாழன், மே 5 என்று மட்டும் இருக்கும். எந்த வருடத்தில் மே 5 வியாழக்கிழமை என்று நாட்காட்டியைப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் முகவரி சட்டப்படி இருக்கும், அதுவும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தாளில் என்னென்ன கட்டம்

ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. ஒரு வார்டுக்கு ஒரு வரி என்று தொடங்கினால் பிறகு பிரிக்கவே முடியாது. தேதி, வழக்கமான தேர்தலா இடைத்தேர்தலா, வார்டு, எல்லை எண், நிரப்ப வேண்டிய இடங்கள், பதிவு பெற்ற வாக்காளர் தொகை, கொடுத்த வாக்குச்சீட்டுகள், செல்லாதவை, அச்சில் உள்ளபடி பெயர், அச்சில் உள்ளபடி கட்சி, நீங்கள் வகைப்படுத்திய கட்சி, வாக்கு, வெற்றியா, ஏற்கெனவே உறுப்பினரா, எங்கிருந்து எடுத்தது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

கட்சிக்கு ஏன் இரண்டு கட்டம்? 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. அதற்கு முந்தைய முடிவில் ஒருவரை லேபர் என்றோ கன்சர்வேடிவ் என்றோ சொல்வது பத்திரிகை. 1998-இல்தான் கட்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இடையில் வேட்பாளர்கள் தாமே எழுதிக்கொண்ட வருணனைகள் பல விதம்: வரி செலுத்துவோர் சங்கம், குடியிருப்போர் சங்கம், சுயேச்சை கன்சர்வேடிவ். இவற்றைச் சுயேச்சை என்று ஒரே சாக்கில் கொட்டிவிடாதீர்கள். எப்சம் அண்ட் யூவெல் டிஸ்ட்ரிக்டில் பெரிய கட்சிகளை எல்லாம் ஓரத்தில் வைத்துவிட்டுக் குடியிருப்போர் சங்கம்தான் நீண்ட காலமாக ஆட்சி நடத்துகிறது. 1980-களில் லிபரல்களும் சோஷியல் டெமாக்ரட்களும் கூட்டணியாக நின்றார்கள். 1988-இல் இணைந்தார்கள், 1989-இல் லிபரல் டெமாக்ரட் என்ற பெயர் நிலைத்தது. இணைய மறுத்தவர்கள் பழைய பெயரிலேயே கொஞ்ச காலம் நின்றார்கள். இகாலஜி கட்சி 1985-இல் கிரீன் ஆனது. அச்சில் உள்ளதை அப்படியே காப்பாற்றிவிட்டால், வகைப்படுத்துவதை நாளை வேறொருவர் வேறு விதமாகவும் செய்து பார்க்க முடியும்.

வெறும் இரண்டு சொல்லில் முடிந்துபோகும் ஒரு முடிவும் உண்டு: போட்டியின்றித் தேர்வு. 1970-களில் கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளில் இது ஏராளம். அங்கே வாக்கு எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதாதீர்கள், கட்டத்தை வெறுமையாக விட்டுப் போட்டியின்றி என்று குறியுங்கள். பூஜ்யம் எழுதினால் டிஸ்ட்ரிக்ட் மொத்தத்தில் அந்த வார்டு மக்கள் வாக்களிக்க மறுத்ததுபோல் ஆகிவிடும்.

வாக்கு விகிதம்

கணக்கு எழுதியவள் என்பதால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூன்று இடம் உள்ள வார்டில் முழுத் தேர்தல் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. ஒரு கட்சி மூன்று பேரை நிறுத்தி 1,200, 1,150, 1,100 வாக்கு வாங்குகிறது, இன்னொரு கட்சி ஒரே ஒருவரை நிறுத்தி 900 வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 3,450-க்கு 900. முதல் கட்சிக்கு 79 சதவீதம் என்று வரும். ஆனால் அந்த 900 பேர் பக்கம் நிறுத்தவே இரண்டாவது ஆள் இல்லையே! கட்சிக்கு ஒருவராக அதிக வாக்கு வாங்கியவரை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் 1,200-க்கு 900, அதாவது 57 சதவீதம். ஊரின் நிலவரத்துக்கு இதுதான் நெருக்கமானது. சிலர் கட்சி வேட்பாளர்களின் சராசரியை எடுக்கிறார்கள். எந்த முறையானாலும் கோப்பின் தலைப்பில் எழுதிவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

வாக்குப்பதிவு விகிதத்துக்கு மொத்த வாக்குகளை மூன்றால் வகுக்கும் வழக்கம் தப்பு. வாக்கு எண்ணும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்றையும் ஒரே கட்சிக்குப் போட்ட சீட்டுகள் ஒரு கட்டு, கலந்து போட்டவை இன்னொரு கட்டு, ஒரே ஒரு பெயருக்கு மட்டும் குறியிட்டு மற்றதை விட்டவையும் நிறையவே இருக்கும். ஆகவே கொடுத்த வாக்குச்சீட்டு எண்ணிக்கை வேண்டும். அது கிடைக்காத வருடத்தில் விகிதத்தைக் காலியாக விடுவதே நேர்மை.

வகுக்கும் எண்ணான வாக்காளர் தொகையும் ஒரே நிலையில் இருந்ததில்லை. உள்ளாட்சி வாக்காளர் பட்டியலும் நாடாளுமன்றப் பட்டியலும் ஒன்றல்ல. இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் இங்கே வசிக்கும் உரிமையோடு இருந்தால் இரண்டிலும் வாக்களிக்கலாம், நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தால் தேர்தலில் நிற்கவும் செய்யலாம். நம்மவர்கள் பலர் இன்னும் இதை அறியாமல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள், எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் உள்ளாட்சிக்கு மட்டும் வாக்களித்துவந்தார்கள், 2024 மே மாதத்தில் அந்த விதி மாறியது. 2014-இல் வீட்டுத் தலைவர் எல்லோரையும் சேர்த்துப் பதியும் பழைய முறை போய், ஒவ்வொருவரும் தானே பதியும் முறை வந்தது. யார் கேட்டாலும் தபால் வாக்கு என்பது 2001-இலிருந்து. அடையாள அட்டை காட்டவேண்டும் என்பது 2023 மே 4-இலிருந்து. இந்த வருடங்களை வரைபடத்தில் செங்குத்துக் கோடாகப் போட்டுவையுங்கள்.

பகுதித் தேர்தல் நடக்கும் ஊரில் இன்னொரு நுணுக்கம். 2016-இல் வாட்ஃபர்டு மொத்தமாகத் தேர்ந்தெடுத்தபோது, ஒவ்வொரு வார்டிலும் மூன்றாவதாக வந்தவருக்கு 2018 வரைதான் பதவி, இரண்டாமவருக்கு 2019 வரை, முதலாமவருக்கு 2020 வரை. கொரோனாவால் அந்த முதலாமவர்கள் 2021 வரை ஐந்து வருடம் இருந்தார்கள். அதாவது மூவரும் வென்றாலும் வரிசை முக்கியம். வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருப்பதால், ஒரே கட்சியின் மூவரில் மேலே இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக வாங்குவது பல இடங்களில் தெரிகிறது. உங்கள் வார்டிலும் சரிபாருங்கள். இருவர் வாக்கு சமமாக வந்தால் தேர்தல் அதிகாரி குலுக்கல் போடுவார். 2017-இல் நார்தம்பர்லாந்து கவுண்டியின் சவுத் பிளைத் வார்டில் அப்படிச் சமமாகி, குச்சி இழுத்துத் தீர்மானித்தார்கள். ஒரு கட்சியின் பெரும்பான்மையே அந்தக் குச்சியில் போனது. முடிவுப் பட்டியலில் இரண்டு சம எண்கள் கண்ணில் பட்டால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

வாட்ஃபர்டுக்கு நேரடி மேயரும் உண்டு. 2001 கருத்து வாக்கெடுப்புக்குப் பின் 2002 மே மாதம் முதல் தேர்தல். வென்றவர் லிபரல் டெமாக்ரட் கட்சியின் டோரதி தார்ன்ஹில், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் பெண் மேயர். 2018 வரை அவர்தான். அந்தத் தேர்தல்களில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு குறி போடும் முறை. வார்டு முடிவுகளோடு அதைக் கூட்ட முடியாது, தனித் தாளில் வையுங்கள். 2003-இல் அதே கட்சி கவுன்சிலிலும் பெரும்பான்மை பெற்றது.

பெயர்கள்

தோற்றவர்களை விட்டுவிடாதீர்கள். உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்க டெபாசிட் இல்லை. முன்பு பத்துப் பேர் கையெழுத்து வேண்டும், இப்போது இரண்டு பேர் போதும். அதனால் ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் நின்றவர்கள் ஏராளம். ஒரு கட்சி எந்த வருடம் முதன்முதலாக உங்கள் வார்டில் ஆளை நிறுத்தியது, ஒரு பெண் எப்போது முதலில் நின்றார், தெற்காசியப் பெயர் எந்த வருடத்தில் முதலில் வருகிறது என்பதெல்லாம் தோற்றவர் பட்டியலில்தான் முதலில் தெரியும். நான் தேடியதில் எனக்கு மிக நெருக்கமாகப்பட்ட பகுதி அதுதான்.

நம் பெயர்கள் அந்தப் பட்டியலில் படும் பாட்டைக் கவனியுங்கள். அப்பா பெயரை ஒரு வருடம் குடும்பப் பெயராகவும் அடுத்த முறை முதற்பெயராகவும் எழுதியிருப்பார்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களும் அப்படியே. ஆளுக்கு ஓர் எண் கொடுத்து இணையுங்கள், ஆனால் ஆதாரம் இல்லாமல் ஊகத்தில் இணைக்காதீர்கள். பழைய வேட்பாளர் பட்டியலில் வீட்டு முகவரியும் முன்மொழிந்தவர்கள் பெயரும் இருக்கும். அவை உங்கள் சொந்தக் குறிப்புக்கு மட்டும். 2019-இலிருந்து வேட்பாளர்கள் முகவரியை மறைக்கச் சட்டமே அனுமதிக்கிறது. முந்தைய தலைமுறைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

1974-க்கு முன்னால் போக விரும்பினால்

முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்ட் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். 1894 சட்டம் நகர டிஸ்ட்ரிக்ட், கிராம டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களை உண்டாக்கியது. வாட்ஃபர்டு நகர டிஸ்ட்ரிக்ட் 1922-இல் பரோவாக உயர்ந்தது. பக்கத்திலிருந்த வாட்ஃபர்டு கிராம டிஸ்ட்ரிக்டின் வரலாறோ இன்றைய வாட்ஃபர்டுக்குள் வராது. ரிக்மன்ஸ்வர்த், சோர்லிவுட் ஆகியவற்றோடு சேர்ந்து அதன் பெரும்பகுதி த்ரீ ரிவர்ஸ் டிஸ்ட்ரிக்ட் ஆனது. பெயரைப் பார்த்து முடிவுகளைக் கலந்துவிடும் ஆபத்து இங்கே பெரிது.

பழைய பரோக்களில் தேர்தல் நவம்பர் 1-இல் நடந்தது, 1949-இல்தான் மே மாதத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் தேர்தலே கிடையாது, காலி இடங்களைக் கவுன்சிலே ஆள் சேர்த்து நிரப்பிக்கொண்டது. 1945 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. அடுத்து ஆல்டர்மேன்கள். மூன்று கவுன்சிலருக்கு ஒருவர் வீதம் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்து ஆறு வருடம் உட்காரவைத்தார்கள். மக்கள் வாக்கில் தோற்ற கட்சி ஆல்டர்மேன்கள் பலத்தால் ஆட்சியில் நீடித்தது உண்டு. பரோ முடிவுகளை மட்டும் கூட்டி, கவுன்சில் யார் கையில் என்று எழுதினால் சரியாக வராது, குறிப்பேட்டில் ஆல்டர்மேன் பட்டியலையும் எடுக்கவேண்டும். வாக்குரிமையும் வேறு. 1945 வரை உள்ளாட்சி வாக்கு வரி கட்டும் குடித்தனக்காரர்களையே சார்ந்திருந்தது. வாக்கு வயது 18 ஆனது 1969 சட்டத்தால்.

தொகுத்ததை என்ன செய்வது

எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய காற்புள்ளிக் கோப்பாகச் சேமியுங்கள். எல்லை எண்களின் விளக்கம், கணக்கிட்ட முறை, இன்னும் கிடைக்காத வருடங்களின் பட்டியல் ஆகியவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி அதனோடு வையுங்கள். ஒரு பிரதியைக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு, ஒன்றை ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு, அச்செடுத்தும் ஒன்று. துண்டுப்பிரசுரங்களைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் அமிலமற்ற உறையில் போட்டுக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள், கொடுத்தவரின் சம்மதத்தோடு. உங்கள் கவுன்சில் கலைக்கப்படும் தேதி அறிவிக்கப்பட்டிருந்தால், தேர்தல் பிரிவில் இருக்கும் பழைய முடிவுக் கோப்புகள் எங்கே போகப் போகின்றன என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். பதிலையும் அந்தக் கோப்பிலேயே சேருங்கள்.